பெறுமதிமிக்க வாடிக்கையாளர்

என்னைப் 'பெறுமதிமிக்க வாடிக்கையாளரே' என்று முதன்முதலாகக் கூப்பிட்டவன் ஒரு திருடன். அதற்கு முன் எந்தக் கடையிலும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கண்டி மார்க்கெட்டில் மரக்கறிக்காரர், "பார்த்துக்கிட்டே நிக்காதீங்க, வேணுன்னா எடுங்க" என்பார். துணிக்கடையில் என்னைத் தாண்டிப் பின்னால் நிற்பவரிடம் பேசுவார்கள். எனக்கு வாய் திறந்து கேட்க வராது. கேட்டாலும் முதல் தடவை யார் காதிலும் விழாது. அப்படிப்பட்ட எனக்கு மரியாதையான இரண்டு வார்த்தைகளைப் படித்ததும் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபோது கைகால்கள்தான் சில்லிட்டுப் போயின. பயமுறுத்த வந்தவன் மரியாதையோடு தொடங்குவான் என்பது எனக்கு அன்று தெரியாது. இன்று யாராவது தேவைக்கு மேல் மரியாதை காட்டினால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

யுத்தம் மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு மாநகர சபையில், தண்ணீர்க் கட்டணப் பிரிவில் வேலை. நான் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய முத்திரைகள் விற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த முத்திரைகள் என் அப்பாவின் கடைக்கு வந்த கடிதங்களில் இருந்தவை. கண்டி டவுனில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் உறைகளை வாங்கி வந்து, முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துச் சேர்த்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். முத்திரைகள் வீட்டு அலுமாரியில் இருந்ததால் தப்பின. அப்பா அதற்குப் பிறகு சில வருடங்கள்தான் இருந்தார்.

இவற்றை விற்கலாம் என்று சொன்னவர் கொமியூனிகேஷன் கடை நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். டெலிபோன், பெக்ஸ், போட்டோகொப்பி, இன்டர்நெட் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் கடைக்கு எங்கள் ஊரில் கொமியூனிகேஷன் என்றுதான் பெயர். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நானா அலவத்துகொடயிலிருந்து தினமும் வந்து திறப்பார். இன்டர்நெட்டில் ஏலம் போட்டு விற்கும் இடத்தை அவர்தான் எனக்குக் காட்டினார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. நோர்வேயில் இருப்பவரோடும் ஜப்பானில் இருப்பவரோடும் வியாபாரம் செய்யலாம். ஒருவர் முகத்தையும் பார்க்க வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஓ எல் சோதனை வரை படித்த இங்கிலீசு அதற்குப் போதுமாக இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக நான் சொன்ன விலையை யாரோ கேட்டார்கள்.

விற்ற காசு வந்து சேர, இணையத்தில் பணம் அனுப்பி வாங்கும் கம்பனி ஒன்றில் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். எங்கள் பெயரில் முதலில் வருவது அப்பாவின் பெயர். அதன் முதலெழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்கிறோம். அடையாள அட்டையிலும் அதே ஒழுங்குதான். ஆகவே முதற்பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரையும், கடைசிப்பெயர்க் கட்டத்தில் என் பெயரையும் போட்டேன். நானா குனிந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் ஈக்கி" என்றார்.

கம்பனியிலிருந்து உடனேயே வரவேற்புக் கடிதம் வந்தது. 'அன்புள்ள' என்று போட்டு, பக்கத்தில் அப்பாவின் பெயர். எங்களோடு சேர்ந்ததற்கு நன்றி, உங்கள் வியாபாரம் செழிக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். கடை எரிந்த அதிர்ச்சியிலேயே போய்ச் சேர்ந்த மனிதருக்கு!

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதமும் அப்படித்தான் வந்தது. வீட்டில் அது ஒரு பகிடியாகிவிட்டது. கணவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்.

"என்னா, மாமாவுக்கு இன்னைக்கு யாவாரம் எப்பிடி?"

"சும்மா இருங்க."

"இல்ல, மனுசன் உயிரோட இருக்கும்போது எனக்கு ஒரு சீனிப் பொட்டலம் கடன் குடுக்கல. இப்ப ஜப்பான்காரன்கிட்டயே காசு வாங்குறாரு."

நானாவும் விடமாட்டார். நான் படியேறி வருவதைக் கண்டதும், "தங்கச்சி, ஒங்கட வாப்பாக்கு கடிதம் வந்தீக்கி" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். எனக்கு முகம் சிவந்துவிடும்.

பெயரைத் திருத்தலாம்தான். அதற்குக் காரணம் எழுதி, அடையாள அட்டைப் பிரதி அனுப்பி, யாரோ ஒருவருக்கு எங்கள் பெயர் வைக்கும் முறையை விளக்க வேண்டும். விளக்குவதை நினைத்தாலே எனக்குக் களைப்பாக இருக்கும். அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அந்தக் கடிதம் வந்தது. கம்பனியின் அதே படம், அதே நீல நிறம். அன்புள்ள பெறுமதிமிக்க வாடிக்கையாளரே, உங்கள் கணக்கில் சந்தேகத்துக்கிடமான நடவடிக்கை காணப்பட்டுள்ளது. உங்கள் அடையாள விபரங்கள் பொருந்தவில்லை. இருபத்து நான்கு மணித்தியாலங்களுக்குள் கீழே அழுத்தி அடையாளத்தை உறுதி செய்யாவிட்டால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டு, உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படும். பிறந்த திகதி, அட்டை இலக்கம், கடவுச்சொல், தாயின் குடும்பப் பெயர் எல்லாம் வேண்டும். இங்கிலீசில் அங்கங்கே எழுத்துப் பிழை இருந்ததை நான் பார்த்தேன். ஆனால் அந்தப் பயத்தில் பிழை பிடிக்கும் நிலையிலா இருந்தேன்?

சந்தேகத்துக்கிடமான, அடையாளம், உரிய அதிகாரிகள். இந்த மூன்று சொற்களும் அந்த வருடங்களில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு எப்படிக் கேட்கும் என்று, எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே கடிதத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பியவனுக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டிக்கொண்டிருந்தோம். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்திருந்தோம். ஒரு விருந்தாளி இரண்டு இரவு தங்கினால் யோசிப்போம். அவன் எந்த மூளையையும் செலவழிக்கவில்லை. எங்களைப் பயமுறுத்தும் வேலையை ஊரே ஏற்கனவே செய்து முடித்திருந்தது. அவன் ஆயத்தமாக இருந்த பயத்தில் வந்து கைநனைக்கப் பார்த்தான். பிச்சைக்காரனுக்குக்கூட நாலு வீடு நடக்கிற உழைப்பு இருக்கிறது.

நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எனத்த செல்றான்?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "படம் எல்லாம் சரி. கம்பனிட கடிதம்தான் போல. ஆனா காசு விசயம், தங்கச்சி. ஊட்டுக்காரர்ட கேட்டுச் செய்ங்கொ."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கடவுச்சொல்லைக் கேட்கிறார்களே என்பது ஒரு பக்கம் உறுத்தியது. கடிதத்தைக் கடதாசியில் அச்செடுத்துத் தரச் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு எந்த மின்னஞ்சலும் கடதாசியில் வந்தால்தான் கடிதம். கணவர் அப்படி வந்தவற்றையெல்லாம் துளை போட்டு ஒரு பைலில் கோத்து வைத்திருந்தார்.

மாலையில் அவர் அதை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? ஒங்கப்பா பேரு! கண்டுபுடிச்சிட்டாங்க."

"அப்பா பேர்ல என்னாங்க இருக்கு?"

"என்னா இருக்கா? செத்த மனுசன் பேர்ல கணக்கு. வெளிநாட்டுல இருந்து காசு வருது. நாம தமிழ் ஆளுங்க. இத எவனாவது கோர்த்துப் பாத்தா என்னா நெனைப்பான்? கவுன்சில்ல என் வேலை நிக்குமா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பெயர் பொருந்தவில்லை என்று கடிதம் சொல்கிறது. பெயர் உண்மையிலேயே பொருந்தவில்லை. திருடன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் சரியாக வந்து விழுந்தது. அதை அவன் திறமை என்று சொல்ல நான் தயாரில்லை.

கணக்கு முடங்கினால் என் வியாபாரம் அன்றோடு சரி. அந்தக் கம்பனி இல்லாமல் ஜப்பான்காரர் எனக்குக் காசு அனுப்ப வழியில்லை. திரும்பவும் நான் யார் காதிலும் விழாத ஆளாக மரக்கறிக் கடையில் நிற்க வேண்டியதுதான். கணவருக்குத் தன் வேலையின் பயம், எனக்கு இந்தப் பயம்.

"எங்க அழுத்தச் சொல்றான்?" என்று கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீல எழுத்தில் கோடிட்டு 'இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. கடதாசியில் எங்கே அழுத்துவது?

"கொம்பியூட்டர்லதான் அழுத்தணும். அழுத்தினா கடவுச்சொல் கேக்குமாம்."

"அதெல்லாம் வேணாம். அழுத்துறது கிழுத்துறதெல்லாம் சின்னப் புள்ள வேலை. ஆபீசுக்கு ஆபீஸ் முறையிலதான் பதில் குடுக்கணும். ஆதாரத்தோட எழுதுவோம்."

தண்ணீர்ப் பட்டியல் பிழை என்று வருபவர்களுக்கு அவர் நாள் முழுக்கச் சொல்வது அதுதான்: எழுதிக் கொண்டு வாங்க, ஆதாரம் வையுங்க. ஆகவே உலகத்தில் எந்த நிறுவனமும் அப்படித்தான் இயங்கும் என்று அவர் நம்பினார். திருடன் எங்கள் பயத்தைப் பிடித்துவிட்டான், ஆனால் எங்கள் பழக்கத்தை அவன் கணக்கில் எடுக்கவில்லை. 'அழுத்து' என்றவுடன் அழுத்துகிற ஆட்களுக்காக அவன் வலை விரித்திருந்தான். எங்களைப் போல, மேற்படி விடயம் தொடர்பாக என்று தொடங்கி இணைப்புகளோடு மனு எழுதும் ஆட்களை அவன் கனவிலும் கண்டிருக்கமாட்டான்.

மனு எழுதப்பட்டது. என் தகப்பனார் இன்ன வருடம் காலமானார், எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால் வரும், இதில் எந்த மோசடியும் இல்லை, பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். இணைப்பு: மரணச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம். எல்லாப் பிரதிகளிலும் சமாதான நீதவான் ஒருவரின் கையெழுத்தும் சீலும்.

"அம்மாவோட குடும்பப் பேரு கேட்டிருக்கான்" என்றேன்.

"ஒங்கம்மாவுக்கு ஏது குடும்பப் பேரு? தாத்தா பேருதான் இருக்கு."

"அப்ப அதப் போடுறதா?"

"வேணாம். அப்புறம் அவரோட மரணச் சான்றிதழும் கேப்பான். அவரு இந்தியாவுல செத்தாரு."

இன்று சிரிக்கலாம். அன்று நாங்கள் இருவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைத் தீவிரமாகத்தான் பேசினோம்.

கிராம சேவகரிடம் கடிதம் வாங்கப் போனதுதான் எனக்குப் பொறுக்க முடியாத பகுதி. அவர் கெட்ட மனிதர் அல்லர். கதிரையில் உட்காரச் சொல்லி, எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு என்றார் கணவர். எந்த நாடு என்று கேட்டார். கணவருக்குத் தெரியாது, என்னைப் பார்த்தார். எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. கிராம சேவகர் பேனாவை நிறுத்தி எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். பல வருடங்களாக எங்களைக் கண்டால் தலையாட்டும் மனிதர். அப்படி அவர் அதற்கு முன் எங்களைப் பார்த்ததில்லை. பிறகு கடிதத்தை எழுதித் தந்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள், பஸ் நிறுத்தத்தில் கண்டால், "மாமாவின் கம்பனி விசயம் என்ன ஆயிற்று?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். எங்களுக்குத்தான் சிரிக்க முடியாது.

அந்தத் திருடன் எங்களிடமிருந்து ஒரு சதத்தையும் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையை எங்களுக்கு வாங்கித் தந்தான். அவன் மீது எனக்கிருக்கும் இளக்காரம் அங்கிருந்து தொடங்குகிறது. தான் என்ன செய்கிறோம் என்றுகூடத் தெரியாமல் ஒரு வீட்டின் மானத்தை உரசிவிட்டுப் போகிறவனைத் திருடன் என்று சொல்வதே திருடர்களுக்கு அவமரியாதை.

சனிக்கிழமை இருவரும் கொமியூனிகேஷனுக்குப் போனோம். கடிதம் சொன்ன கெடு அதற்குள் முடிந்திருந்தது. சான்றிதழ் சேர்க்க நாள் ஆகும் என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரியும் என்று கணவர் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தார். நானா எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, வந்த முகவரிக்கே பதிலாக அனுப்பினார். அப்பாவின் மரணச் சான்றிதழ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒங்கட வாப்பா இப்பதான் மெய்யாவே மௌத்தாகிறாரு, தங்கச்சி" என்றார் நானா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "பகிடிக்கு" என்றார்.

கீழே போய் பிளேன்டீ குடித்துவிட்டு மறுபடி ஏறி வந்தோம். அதற்குள் ஒரு கடிதம் வந்திருந்தது.

கணவருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? வெள்ளக்காரன் வேலைன்னா வேலைதான். நம்ம ஆளுங்களா இருந்தா மூணு மாசம். படி, படி."

நான் படித்தேன். அன்புள்ள பெறுமதிமிக்க வாடிக்கையாளரே. உங்கள் கணக்கில் சந்தேகத்துக்கிடமான நடவடிக்கை. இருபத்து நான்கு மணித்தியாலங்கள். உரிய அதிகாரிகள். எழுத்துப் பிழைகள்கூட அதே இடங்களில் இருந்தன. தலைப்பில் மட்டும் 'இறுதி எச்சரிக்கை' என்று கூட்டியிருந்தான்.

கணவர் திரையை நெருங்கி, தானே ஒரு தடவை படித்தார். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னா இது? அப்ப நாம அனுப்பினத இவன் பாக்கவே இல்லையா? செத்துப்போன மனுசன்னு சர்ட்டிபிகேட் வச்சிருக்கேன். ஒரு வார்த்தை அனுதாபம் வேணாம், கெடைச்சதுன்னு ஒரு வரி போடலாம்ல? எங்க கவுன்சில்ல குப்பை அள்ளலன்னு எழுதினாக்கூட, உங்கள் கடிதம் கிடைத்ததுன்னு பதில் போடுவாங்க. குப்பையை அள்ள மாட்டாங்க, அது வேற. பதில் போடுவாங்க!"

"பைத்தியக்காரனா ஈப்பான்" என்றார் நானா.

அப்போதுதான் எனக்கு அது தட்டியது. இரண்டு பேரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததால் நான் சொன்னது முதலில் எடுபடவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"இவன் அப்பா பேர சொல்லலைங்க."

"எவன்?"

"இந்தக் கடிதம். கம்பனிக்காரன் எப்ப எழுதினாலும் அப்பா பேரப் போட்டுத்தான் எழுதுவான். ஒரு தடவைகூட வாடிக்கையாளரேன்னு எழுதினதில்ல. பேர் பொருந்தலன்னு கண்டுபுடிச்சவன், எந்தப் பேருன்னு சொல்ல வேணாமா? இவனுக்கு அந்தப் பேரே தெரியாது. என் பேரும் தெரியாது."

நானா பழைய கடிதங்களைத் திறந்தார். ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர். அதன் பிறகு அந்த நீல எழுத்தின் மேல், அழுத்தாமல், மவுஸை மட்டும் கொண்டுபோய் வைத்தார். திரையின் அடியில் அது போய்ச் சேரும் முகவரி தெரிந்தது.

"கம்பனிட பேரு எங்க? வெறும் நம்பர்தான் ஈக்கி. அனுப்பின முகவரியயும் பாருங்கொ, கம்பனிட பேருக்குள்ள ஒரு எழுத்துக் கூடுதல். படத்தைப் பார்த்து நானும் ஏமாந்துட்டேன். இந்த ஹராமிகள்!"

கணவர் இன்னும் அரைமனதாக நின்றார். "சரி, பொய்யின்னே வச்சுக்குவோம். உண்மையா இருந்து, கணக்கு போயிருச்சுன்னா?"

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. கடிதத்தை மூடிவிட்டு, கம்பனியின் முகவரியை நானே எழுத்தெழுத்தாகத் தட்டி, எப்போதும் போகும் வாசலால் உள்ளே போனேன். கடவுச்சொல்லைப் போட்டேன்.

கணக்கு இருந்தது. வைத்தது வைத்தபடி இருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. மேலே, வழக்கம்போல, அப்பாவின் பெயரைச் சொல்லி வரவேற்பு. அதற்குக் கீழே, நோர்வேக்காரர் இரண்டு முத்திரைகளுக்குக் காசு போட்டிருப்பதாக ஒரு அறிவித்தல்.

கணவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "மாமா உயிரோடத்தான் இருக்காரு" என்றார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு ஒன்று தோன்றியது. எண்பத்து மூன்றில் அப்பாவின் கடையை எரிக்க வந்தவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்தும் பயனில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப்போவதில்லை. ஆனாலும் அவர்கள் யாரை அழிக்க வந்தோம் என்று தெரிந்து வந்தார்கள். இவனுக்கு அதுவும் தெரியாது. ஒரே கடிதத்தை ஆயிரம் வாசலில் எறிந்துவிட்டு, யாராவது எடுப்பார்களா என்று காத்துக்கிடக்கிறான். கொடியவன் என்று சொல்லக்கூட ஒரு தகுதி வேண்டும்.

அப்பாவின் சான்றிதழ்ப் பிரதி அவனிடம் போய்விட்டதே என்று கணவர் கொஞ்ச நாள் கவலைப்பட்டார். என் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டேன். கம்பனிக்கு நடந்ததை எழுதி, அந்தப் பொய்க் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, நாங்கள் ஒருபோதும் கடிதத்தில் கடவுச்சொல் கேட்கமாட்டோம் என்று பதில் வந்தது. அப்பாவின் பெயருக்குத்தான் வந்தது. கணவர் அதை அச்செடுத்துப் பைலில் கோத்தார். "இதுதான் ஆபீஸ்" என்றார்.

அதன் பிறகு அந்தப் பொய்க் கடிதங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று வந்தன. வேறு வேறு கம்பனிகளின் பெயரில், நான் கணக்கே வைத்திருக்காத வங்கிகளின் பெயரிலும் வந்தன. நான் அவற்றை ஒரு தொழில்காரி இன்னொருவன் சரக்கைப் பார்ப்பதுபோலப் படித்தேன். எல்லாம் ஒரே சரக்கு. எப்போதும் அவசரம், எப்போதும் ஒரு கெடு. எப்போதும் எதையோ இழக்கப்போகிறாய் என்ற மிரட்டல். ஒரு பெயரைத் தேடிப் பார்க்கச் சோம்பல். ஒரு கிழிந்த முத்திரையை நல்லதென்று விற்பதற்குக்கூட நான் இதைவிட அதிகம் மெனக்கெட வேண்டும். நான் அப்படி விற்றதில்லை. விற்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பின்பக்கத்துக் கிழிசலுக்குப் பசை தடவி, மெல்லிய தாள் ஒட்டி, வெயிலில் காயவைத்து எவ்வளவு பாடுபடுகிறார்கள்!

பெயரைத் திருத்திவிடுங்கள் என்று நானா பல தடவை சொன்னார். இப்போது விளக்கம் எழுதும் பயம்கூட எனக்கு முன்போல் இல்லை. ஆனாலும் நான் திருத்தவில்லை.

யுத்தம் முடியப்போகிற நேரத்தில், கொமியூனிகேஷனில் இருந்தபோது, அந்தக் கம்பனியின் படத்தோடு ஒரு கடிதம் வந்தது. இந்தத் தடவை எழுத்துப் பிழை இல்லை. கெடு இருந்தது, ஆனால் மிரட்டல் இல்லை. பணிவாக, அழகாக எழுதியிருந்தது. என் மின்னஞ்சல் முகவரியின் முன்பகுதியில் இருக்கும் பெயரைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். 'அன்புள்ள' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். ஒரு எழுத்துப் பிசகாமல், என் சொந்தப் பெயர்.

கணவர் என்னைக் கூட்டிப்போக வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். தோளுக்கு மேலால் படித்தார்.

"அட, இந்தத் தடவை சரியா ஒன் பேரப் போட்டிருக்கானே. அப்ப இது உண்மையா?"

"சரியாப் போட்டிருக்கான்ல," என்றேன். "அதான் பொய்."

அவருக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. பிறகு நானா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, "அழிச்சிடு. மாமா பேருக்கு வராதது நமக்கு வந்த கடிதமே இல்ல" என்றார்.

நான் அழித்தேன்.